கைவிட்ட வீடும் கைக்கு வந்த தொழிலும்

கடன் என்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய சொல்லன்று. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன், நூலுக்கும் சாயத்துக்கும் வாங்கிய கடன், மகளின் மணத்துக்கென வாங்கிய கடன் என்று அதன் பல முகங்களையும் கண்டவர்கள் நாம். தவணை தவறினால் நேருவது யாது என்பதையும் அறிவோம். முதலில் நோட்டீசு வரும். பின்னர் ஜப்தி வரும். முடிவில் ஏலம் வரும். ஏலம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பின் அந்த வீட்டின் கதி என்ன என்று கேட்பார் இல்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிலர் அக்கேள்வியைக் கேட்டனர். அதனையே ஒரு தொழிலாகவும் ஆக்கிக் கொண்டனர். ஈட்டுக் கடன் தீராமையால் பாங்கிகள் கைப்பற்றிய வீடுகளைத் துப்புரவு செய்து, பூட்டு மாற்றி, சிறு பழுதுகளை நீக்கி, மறுபடியும் விற்பனைக்கேற்ற நிலையில் ஒப்படைப்பதே அத்தொழில்.

இம்மாதம் இத்தொழிலைப் பற்றி எழுத நாம் முன்வந்தமைக்குக் காரணம், நம் அங்கத்தினர்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டும் என்பதன்று. உழைப்பு ஒன்றையே முதலாகக் கொண்ட ஒருவன் வாடிக்கையாளரை எவ்வாறு தேடுகிறான், தேடிக் கண்ட வாடிக்கையாளரிடமே எவ்வாறு நஷ்டப்படுகிறான், நஷ்டப்படாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்னும் மூன்று பாடங்களும் இத்தொழிலில் கண்ணாடிபோல் தெரிகின்றன. தறியை நம்பியவருக்கும் ஏரை நம்பியவருக்கும் இம்மூன்றும் வேண்டுவனவே.

தொழில் பிறந்த விதம்

அமெரிக்காவில் வீடு வாங்குவோரிற் பெரும்பாலோர் அவ்வீட்டையே ஈடாக வைத்து, பதினைந்து ஆண்டு அல்லது முப்பது ஆண்டுத் தவணையில் கடன் பெறுகின்றனர். இத்தகைய கடன்களுக்கு இன்ஷூரன்ஸ் அளிப்பதற்கென்றே அந்நாட்டுச் சர்க்கார் 1934-இல் ஒரு வீட்டு நிர்வாக இலாகாவை நிறுவிற்று. பாங்கிகள் கொடுத்த கடன் பத்திரங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு அவற்றுக்குப் புதுப் பணம் அளிக்கும் பொருட்டு 1938-இல் ஃபேனி மே என்னும் ஸ்தாபனமும், 1970-இல் ஃபிரெடி மாக் என்னும் ஸ்தாபனமும் தோன்றின. இதன் விளைவு யாதெனில், கடனைக் கொடுத்தவர் ஒருவர். தவணையை வசூலிப்பவர் மற்றொருவர். கடனுக்கு உண்மையில் உடையவர் மூன்றாமவர். இந்தச் சங்கிலியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். வேலை தேடிப் போகும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதனை அறிந்தாலன்றி விளங்காது.

2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில வருஷங்கள், கடன் வாங்குவோரின் வருமானத்தைச் சரிவரப் பாராமலே அங்குக் கடன் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் வட்டி குறைவாக இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு சென்றபின் உயரும். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தவரையில் இக்குறை வெளியே தெரியவில்லை. 2006-க்குப் பின் விலை சரியத் தொடங்கிற்று. கடன் நின்றது, வீட்டின் மதிப்பு கடனுக்குக் கீழே போயிற்று. 2008 செப்டம்பரில் ஃபேனி மே, ஃபிரெடி மாக் இரண்டையும் சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதே மாதம் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் பாங்கி திவாலாயிற்று. 2010-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சுமார் 28,70,000 வீடுகளின் மீது ஈட்டு நடவடிக்கைகள் பதிவாயின. இவை யாவும் ஏலத்தில் முடிந்தன என்பதில்லை. எனினும் பேட்டை பேட்டையாக வீடுகள் காலியாயின. ஒஹையோ இராஜ்யத்துக் கிளீவ்லாந்து நகரிலுள்ள ஸ்லாவிக் வில்லேஜ் என்னும் பகுதி இவ்விடரால் மிகக் கடுமையாக அடியுண்ட இடங்களுள் ஒன்று.

ஆளில்லா வீடு நாளுக்கு நாள் விலை குறையும் பண்டம். புல் முழங்கால் உயரம் வளரும். குளிர் நாடாதலால், குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயை வெடிக்கச் செய்யும். திருடர் புகுந்து சுவருக்குள் இருக்கும் செப்புக் குழாய்களை உருவிச் செல்வர். அண்டை வீட்டாரின் சொத்து மதிப்பும் உடன் குறையும். நகரசபை, வீட்டைப் பராமரிக்காத உடையவருக்கு அபராதம் விதிக்கும். அந்த உடையவர் இப்போது பாங்கியே. நூறு மைல், ஆயிரம் மைல் தொலைவில் அலுவலகம் வைத்திருக்கும் பாங்கி எவ்வாறு புல் வெட்டும்? ஆகவே கைக்கருவியும் ஒரு லாரியும் உடைய உள்ளூர்க்காரனின் உதவி அதற்கு இன்றியமையாததாயிற்று.

வேலையின் விவரம்

இவ்வேலை பெருக்கித் துடைப்பதோடு முடிவதன்று. முதற்கண் வீட்டில் ஆளில்லை என்பதை நிச்சயித்துக்கொண்டு பூட்டு மாற்ற வேண்டும். உடைந்த சன்னல்களைப் பலகையால் அடைக்க வேண்டும். குளிர்காலத்தில் குழாய்களிலும் வெந்நீர்க் கொதிகலனிலும் உள்ள நீரை வடித்து, கழிநீர் வளைவுகளில் உறையாத திரவம் ஊற்ற வேண்டும். விட்டுச் சென்ற தட்டுமுட்டுச் சாமான்களையும் குப்பையையும் அகற்ற வேண்டும். இதற்குக் கூலி பெரும்பாலும் கன கஜக் கணக்கில். 27 கன அடி ஒரு கன கஜம். புல் பருவத்தில் முறை வைத்துப் புல் வெட்ட வேண்டும். இறுதியில் வீட்டை விளக்கமாறு போட்ட நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவற்றுள் சட்டம் குறுக்கிடும் இடங்களும் உண்டு. குளிர்பதனப் பெட்டியைக் குப்பைமேட்டில் அப்படியே எறிதல் கூடாது. அதனுள் இருக்கும் வாயுவை முறைப்படி எடுத்த பின்னரே அகற்றலாம். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த வர்ணம் இருக்கக் கூடும். அவ்வீடுகளில் பழைய வர்ணத்தைக் கலைக்கும்படியான பழுதுவேலை செய்வோர், 2010 ஏப்ரல் 22 முதல் அதற்கெனப் பயிற்சியும் சான்றும் பெற்றிருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது புகைப்படம். வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என மூன்று நிலையிலும் தேதியுடன் படம் எடுத்து அனுப்பாதவனுக்குப் பணம் வராது. தொலைவிலுள்ள பாங்கிக்கு அப்படமே வேலை. படத்தில் இல்லாத வேலை செய்யாத வேலை.

வாடிக்கையாளர் யார்?

தொழிலுக்குப் புதியவர் செய்யும் முதற்பிழை, பெரிய பாங்கியின் தலைமை அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருப்பது. பெரும் பாங்கிகள் இவ்வேலையைச் சிறு குழுக்களிடம் நேரே கொடுப்பது அரிது. நாடு முழுவதும் கிளை பரப்பிய களப்பணி நிறுவனங்களிடம் மொத்தமாக ஒப்படைத்து விடுகின்றன. சர்க்கார் இன்ஷூரன்ஸ் உள்ள கடனில் கைக்கு வந்த வீடுகளையும், வீட்டுவசதி இலாகா பெரிய ஒப்பந்தக்காரர் வாயிலாகவே பராமரிக்கிறது. எனவே, உண்மையில் கதவு திறக்கக் கூடிய வாடிக்கையாளர் ஐந்து வகையினர்.

முதலாவது, மேற்கூறிய களப்பணி நிறுவனங்கள். இவற்றில் பதிவு செய்துகொள்வது எளிது. வேலையும் விரைவில் கிடைக்கும். கூலி குறைவு. இதனைப் பற்றிப் பின்னரும் சொல்வோம்.

இரண்டாவது, பாங்கி வசமான வீடுகளை விற்றுத் தரும் உள்ளூர் வீட்டுத் தரகர்கள். சிறு குழுவுக்கு இவர்களே மிக நல்ல வாடிக்கையாளர். வீடு விற்றால்தான் தரகருக்குத் தரகு. வீடு சுத்தமாக இருந்தால்தான் விற்கும். ஆகவே இருவர் நலமும் ஒன்றாகிறது. இவர்களைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டுவதில்லை. பாங்கிச் சொத்து என்று விளம்பரப்படுத்தப்படும் வீட்டின் வாசலில் நடப்பட்ட பலகையிலேயே அவர் பெயர் இருக்கும். ஒரு மாதம் ஊரைச் சுற்றி அப்பலகைகளைக் குறித்து வந்தால், அதே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்த நாலைந்து பேரே அவ்வூர்ச் சந்தை.

மூன்றாவது, உள்ளூர்ச் சிறு பாங்கிகளும் ஐக்கிய நாணயச் சங்கங்களும். இவை தாம் கொடுத்த கடனைப் பெரும்பாலும் தாமே கண்காணிப்பவை. கைக்கு வந்த வீடுகள் சிலவே ஆயினும், அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரியை நேரிற் காணலாம். முடிவையும் அவரே செய்வார். நெசவாளர்களாகிய நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் முதல் ஐக்கிய நாணயச் சங்கம் 1908-இல் நியூ ஹாம்ப்ஷயர் இராஜ்யத்து மான்செஸ்டர் நகரில், அங்கிருந்த ஆலைகளில் வேலை செய்த பிரெஞ்சு மொழியினரான தொழிலாளருக்காகவே ஏற்பட்டது. அது நெசவாலை நகரம்.

நான்காவது, ஏலத்தில் வீடு எடுப்போர். டெக்ஸாஸ், ஜார்ஜியா இராஜ்யங்களில் மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமையில் கௌண்டி நீதிமன்ற வளாகத்தில் இவ்வேலம் நடப்பது வழக்கம். ஒஹையோ, புளோரிடா, நியூயார்க் முதலியவற்றில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே ஏலம். எங்ஙனமாயினும் அறிவிப்பு பகிரங்கமானது. ஏலத்திற்குச் சென்று, எடுத்தவர் யார் என்று பார்த்து, வெளியே வரும்போது தம் முகவரிச் சீட்டைக் கையிற் கொடுப்பவனுக்கு வேலை கிடைக்கும். வீட்டை எடுத்தவர் அன்றே அதன் உட்புறத்தைக் கண்டு திகைத்து நிற்பார்.

ஐந்தாவது, நகரசபைகளும் நிலவங்கிகளும். இங்கு நிலவங்கி என்பது நிலத்தின் மீது கடன் தரும் ஸ்தாபனமன்று. கைவிடப்பட்ட வீட்டையும் மனையையும் பொதுநலத்துக்காகத் தன் பெயரில் ஏற்று, திருத்தியோ இடித்தோ, மறுபடி பயன்படச் செய்யும் பொது ஸ்தாபனம். மிச்சிகனில் ஃபிளிண்ட் நகரைச் சார்ந்த ஜெனசி கௌண்டியிலும், 2009-இல் கிளீவ்லாந்தைச் சார்ந்த கயஹோகா கௌண்டியிலும் இத்தகையவை ஏற்பட்டன. இவை டெண்டர் மூலம் வேலை கொடுக்கும். மத்திய சர்க்காரோடு நேரே ஒப்பந்தம் செய்ய விழைவோர் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது; பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம். அதுபோன்றே, வாடிக்கையாளர் பட்டியலை விலைக்கு விற்போரிடமும் எச்சரிக்கை வேண்டும். பட்டியல் வாங்கியவன் பட்டியலை வைத்திருப்பான். வாசற்பலகையைப் பார்த்தவன் வாடிக்கையாளரை வைத்திருப்பான்.

கதவைத் தட்டும் முறை

போகும்போது கையில் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும். முதலாவது, இன்ஷூரன்ஸ் சான்று. பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலும், வேலையாள் காயமுற்றாலும் ஈடுசெய்யும் பாலிசி இல்லாதவனோடு எந்தப் பாங்கியும் பேசாது. இரண்டாவது, தொழில் லைசென்சு. மூன்றாவது, செய்து முடித்த வேலையின் படங்கள். வேலையே செய்யாத புதியவன் என்ன காட்டுவான் என்று கேட்கலாம். தன் வீட்டுப் பின்கட்டையோ, அண்டை மூதாட்டியின் சாமான் அறையையோ துப்புரவு செய்து முன்னும் பின்னும் எடுத்த படம் போதும். நான்காவது, ஒரே தாளில் அடங்கிய விலைப் பட்டியல்.

பேச்சு சுருக்கமாக இருத்தல் நன்று. தரகரிடம், "எனக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "உங்களுக்கு இப்போது தொல்லை தரும் வீடு எது?" என்று கேட்பது மேல். முதலிற் கேட்டவன் அவருக்குப் பாரம். இரண்டாமவன் அவர் பாரத்தை இறக்க வந்தவன். வெள்ளிக்கிழமை மாலை அழைப்பு வந்தால் சனிக்கிழமை காலை போய் நிற்பவனை எவரும் மறப்பதில்லை. வேலை முடிந்த அன்றே படங்களும் பில்லும் போய்ச் சேர வேண்டும். வீட்டில் கூரை ஒழுகுவதையோ அடித்தளத்தில் நீர் தேங்குவதையோ கண்டால், அது தன் வேலையன்று என்று வாளாவிராமல் எழுதித் தெரிவிக்க வேண்டும். கேளாமலே சொன்ன அந்த ஒரு வரி, பத்து விளம்பரத்துக்கு ஈடாகும்.

விலையை மிகக் குறைத்துச் சொல்லி வேலை பிடிப்பது நல்ல வழியன்று. குறைத்த விலையை அடுத்த முறை ஏற்ற முடியாது. குறைந்த விலைக்காக வந்தவர், இன்னும் குறைந்த விலை கிடைத்தால் போய்விடுவார்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

இனிக் களப்பணி நிறுவனங்களின் செய்திக்கு வருவோம். ஒரு வீட்டைக் காலி செய்யப் பாங்கி 1,000 டாலர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் அதில் 250 டாலரை எடுத்துக்கொண்டு, வட்டார ஒப்பந்தக்காரருக்கு 750 டாலர் தருகிறது. அவர் 200 டாலரை நிறுத்திக்கொண்டு, வேலை செய்யும் குழுவுக்கு 550 டாலர் தருகிறார். குப்பைமேட்டுக் கட்டணம் 150, லாரிக்கும் எண்ணெய்க்கும் 100 என்றால் மிச்சம் 300 டாலர். இருவர் இரண்டு நாள் உழைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 டாலர். இன்ஷூரன்ஸ் தவணையும் கருவித் தேய்மானமும் வரியும் இதற்குள்தான். கணக்கு நாம் கற்பித்ததே; ஆனால் கணக்கின் போக்கு உண்மையானது.

இம்மட்டோடு போகவில்லை. பில் கொடுத்து முப்பது, நாற்பத்தைந்து, சில இடங்களில் அறுபது நாள் கழித்தே பணம் வரும். ஒரு படம் குறைந்தது, ஒரு மூலையில் குப்பை இருந்தது என்று கூறி, செய்த வேலைக்கான தொகையையே பிடித்துக்கொள்வதும் உண்டு. அறுபது நாளுக்குள் அந்தக் குழு இன்னும் இருபது வீடுகளுக்குத் தன் கைப்பணத்தைப் போட்டிருக்கும். பணம் கேட்டு வற்புறுத்தினால் அடுத்த வேலை வராது. வற்புறுத்தாவிட்டால் முடிந்த வேலைக்கான பணம் வராது. பாவு வாங்கிய இடத்திலேயே துணியைக் கொடுத்து, கூலிக்குக் கைகட்டி நின்ற காலத்தை நம் நெசவாளர் மறந்திருக்கமாட்டார்கள். தேசம் வேறு, சங்கிலி ஒன்றே.

ஆகவே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் விதிகள் சில உண்டு. எந்த ஒரு வாடிக்கையாளரும் தம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்வது. எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் கூடுதல் வேலை செய்யாதது. பணம் வராத பில்கள் ஓர் அளவை எட்டியதும் மேற்கொண்டு வேலை ஏற்காதது. களப்பணி நிறுவனத்து வேலையைத் தொழில் கற்கும் பள்ளியாகக் கொண்டு, ஓராண்டுக்குள் தரகரையும் சிறு பாங்கியையும் நேர் வாடிக்கையாளராகப் பெற்றுவிடுவது.

வீட்டில் எஞ்சி நிற்பது

இத்தொழிலில் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்காத பகுதியும் உண்டு. காலி செய்யப்படும் அறையில் குழந்தையின் விளையாட்டுப் பொம்மை கிடக்கும். சுவரில் அக்குழந்தையின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து போட்ட பென்சில் கோடுகள் இருக்கும். இழுப்பறையில் மணநாட் படங்கள் இருக்கும். அதனைக் கன கஜக் கணக்கில் அள்ளுவதா?

சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது. விட்டுச் சென்ற பொருள்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பதற்கு இராஜ்யத்துக்கு இராஜ்யம் விதிகள் வேறுபடும். மிச்சிகனில் பெரும்பாலான வீடுகளுக்கு ஏலத்திற்குப் பின்னரும் ஆறு மாத மீட்புக் காலம் உண்டு. பணம் கட்டினால் வீடு பழைய உடையவருக்கே திரும்பும். வாடகைக்கு இருப்போரை உடனே வெளியேற்றக் கூடாது, குறைந்தது தொண்ணூறு நாள் அவகாசம் தர வேண்டும் என்று 2009 மே மாதத்தில் மத்திய சட்டம் வந்தது. இடையில் காலாவதியான அச்சட்டம் 2018-இல் நிரந்தரமாக்கப்பட்டது. இவற்றைப் பாராமல் பூட்டை உடைத்தவர்களும் உண்டு. ஆளிருக்கும் வீட்டிலேயே பூட்டை மாற்றினர் என்ற புகார்களின் மேல், இல்லினாய் இராஜ்யத்தின் தலைமை வழக்கறிஞர் 2013-இல் ஒரு பெரிய களப்பணி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2015-இல் அந்நிறுவனம் பத்து லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

உத்தரவுச் சீட்டில் "காலி வீடு" என்று எழுதியிருப்பதனாலேயே வீடு காலியாகிவிடாது. கதவைத் தட்டிப் பார்ப்பதும், அண்டை வீட்டாரைக் கேட்பதும், மின்சார மீட்டர் ஓடுகிறதா என்று நோக்குவதும், சந்தேகமிருந்தால் படமெடுத்து அனுப்பிவிட்டுத் திரும்புவதுமே முறை. படங்களையும் பத்திரங்களையும் ஒரு பெட்டியிலிட்டுத் தரகரிடம் ஒப்படைக்கும் குழுவுக்கு அதனால் கூலி அதிகமில்லை. ஆயினும் அந்தத் தரகர் அடுத்த வீட்டுச் சாவியையும் அக்குழுவிடமே கொடுப்பார். பிறர் வீட்டுச் சாவியை வாங்குபவனுக்கு நம்பிக்கையைக் காட்டிலும் பெரிய முதல் வேறில்லை.

பருவம் மாறும்போது

ஒருவர் துயரத்தை நம்பிய தொழிலுக்கு இன்னொரு குறையும் உண்டு. துயரம் தணிந்தால் வேலையும் தணியும். கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சில் வந்த சட்டத்தினால், சர்க்கார் ஆதரவுள்ள கடன்களின் மீது ஈட்டு நடவடிக்கை நிறுத்தப்பட்டது. 2021 ஜூலை முடிய அத்தடை நீடித்தது. 2010-இல் ஏறத்தாழ 29 லட்சமாக இருந்த நடவடிக்கைகள் 2021-இல் சுமார் ஒன்றரை லட்சமாயின. கடன்பட்ட குடும்பங்களுக்கு அது பெரும் நன்மை; நாம் மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் பாங்கி வீடுகளை மட்டும் நம்பியிருந்த துப்புரவுக் குழுவின் லாரி முற்றத்திலேயே நின்றது. 2024-இல் எண்ணிக்கை சுமார் 3,22,000 அளவில் இருந்தது. பழைய உயரம் திரும்பவில்லை.

நிலைத்து நின்றவர் எவரெனில், அதே லாரியையும் அதே கருவிகளையும் கொண்டு வேறு கதவுகளையும் முன்னரே தட்டி வைத்திருந்தவர்கள். வாடகை வீட்டுக்காரருக்குக் குடி மாறும்போது துப்புரவு. இறந்தவரின் வீட்டை வாரிசுகளுக்காக ஒழுங்கு செய்தல். கட்டடம் கட்டி முடித்தபின் கழிவகற்றல். நகரசபைக்குப் புல் வெட்டுதல். ஒரு போகம் பொய்த்தால் மறு போகத்துக்கு விதை வைத்திருக்கும் குடியானவனுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கூட்டாகத் தேடுதல்

இறுதியாக, நம் பத்திரிகைக்கு மிக உகந்த பகுதி. இடருற்ற அதே கிளீவ்லாந்து நகரில் எவர்கிரீன் என்னும் தொழிலாளர் கூட்டுறவு ஏற்பட்டு, 2009-இல் ஒரு சலவை நிலையத்தைத் தொடங்கிற்று. அது வீடு துப்புரவு செய்யும் சங்கமன்று. ஆனால் அது வாடிக்கையாளரைத் தேடிய முறை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஊரில் ஏழைகளின் பேட்டைகளுக்கு நடுவிலேயே பெரிய ஆஸ்பத்திரிகளும் ஒரு சர்வகலாசாலையும் இருந்தன. இடம்பெயர முடியாத அந்த ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் பெருந்தொகைக்குப் பண்டமும் பணியும் வாங்குகின்றன. அதில் ஒரு பகுதியை அண்டையிலுள்ள தொழிலாளரின் கூட்டுறவிடமே வாங்கலாகாதா என்பதே கேள்வி. வேலையாட்களே உடைமையாளராகவும் உள்ள நிலையங்களை அமைத்து, நிலையான அந்த வாடிக்கையாளரை முதலில் உறுதி செய்துகொள்ள முயன்றனர். 2018-இல் கிளீவ்லாந்து கிளினிக் என்னும் பெரிய ஆஸ்பத்திரி தன் சலவை வேலையையே அக்கூட்டுறவின் பொறுப்பில் விட்டது.

தனிக் குழு எதற்கெல்லாம் தவிக்கிறதோ, அதற்கெல்லாம் கூட்டு ஒரு விடையளிக்கிறது. ஐந்து குழுக்கள் சேர்ந்தால் ஒரே இன்ஷூரன்ஸ், ஒரே அலுவலகம், ஒரே விலைப் பட்டியல். அறுபது நாள் பணம் வராதபோது சங்கத்தின் சேமநிதி தாங்கும். டெண்டரில் பெரியவனோடு போட்டியிடலாம். சர்க்கார் வீட்டுவசதிப் பணத்தில் நடக்கும் வேலைகளில், குறைந்த வருமானமுடைய உள்ளூர் மக்களுக்கும் அவர்களுடைய தொழில்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. தனியாளுக்குத் தெரியாமற் போகும் இத்தகைய உரிமைகளைத் தேடிப் படித்து வற்புறுத்தச் சங்கத்தில் ஒரு காரியதரிசி இருப்பார்.

அங்கத்தினர்களே! ஏலம் முடிந்த வீட்டின் முன் இருவகை மனிதர் நிற்கின்றனர். ஒருவர் வீட்டை இழந்தவர். மற்றவர் அவ்வீட்டைத் துடைத்துப் பிழைப்பவர். உற்று நோக்கினால் இருவர் இடரும் ஒன்றே. முன்னவர், தாம் படித்துப் பாராத பத்திரத்தில் கையெழுத்திட்டார். பின்னவரும் அதே தவற்றைச் செய்யும் நிலையில் இருக்கிறார். நம் சங்கங்கள் கடன் கொடுக்கையில் தவணையை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும், சரக்கு விற்கையில் ஒரே கொள்முதல்காரரை நம்பாமல் பல கதவுகளைத் தட்டுவதும், கூலி நிலுவையைச் சங்கத்தின் பெயரால் கேட்பதும் வெறும் சம்பிரதாயங்களல்ல. அவை நம் வீட்டு வாசலில் ஏலக் கூட்டம் கூடாமல் காக்கும் வேலிகள். அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, நம் சங்கத்துச் சரக்கில் எத்தனை பங்கு ஒரே வாடிக்கையாளரிடம் போகிறது என்று ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து கேட்க வேண்டுமென்பதே நம் விண்ணப்பம்.